வீட்டுப் பிளானை 3டி படமாக்க எந்த ரெண்டரிங் மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். மேற்கே களியக்காவிளை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. கிழக்கே தக்கலை, நாகர்கோவில். இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை வருகிறது. வீடு கட்டுகிறவர்களில் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். மனையில் வந்து நின்று பார்க்க அவர்களுக்கு வழியில்லை. நாங்கள் அனுப்பும் 3டி படத்தைக் கைபேசியில் பார்த்துத்தான் சரி என்கிறார்கள், அந்தச் சரியை நம்பித்தான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறோம். அந்தப் படம் மெய்யாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பிடிவாதத்திலிருந்து வருபவை. கேள்விகள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும், இரு பக்கத்து வரைவாளர்களும், சில வீட்டுக்காரர்களும் என்னிடம் கேட்டவை.

ஸ்கெட்ச்அப்பிலேயே வீடு முழுவதும் தெரிகிறதே, தனியாக ரெண்டரிங் எதற்கு?

ஸ்கெட்ச்அப், ரெவிட், ஆர்க்கிகேட் ஆகிய 3டி வரைவு மென்பொருள்கள் வரையும்போது திரையில் காட்டுவது வடிவத்தை. சுவர் எங்கே, கூரைக்கு எவ்வளவு சரிவு, படி எத்தனை என்பதெல்லாம் அதில் தெரியும். வெளிச்சம் தெரியாது. ஜன்னல் வழியே விழுந்த வெயில் சிவப்புத் தரையில் பட்டுத் தெறித்து, எதிர்ச்சுவரின் வெள்ளையில் லேசான சிவப்பை ஏற்றுகிறதே, அதைக் கணக்கிட்டுக் காட்டுவதுதான் ரெண்டரிங். கொத்தனாருக்கு வடிவம் போதும். குடியிருக்கப் போகிறவருக்கு வெளிச்சம் தெரிய வேண்டும்.

இத்தனை மென்பொருள்கள் இருக்கின்றன. எதை வைத்துத் தேர்வு செய்வது?

நீங்கள் எதில் வரைகிறீர்கள் என்பதை வைத்து. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இணையத்தில் ஓர் அழகான படத்தைப் பார்த்து, அது எந்த மென்பொருளில் செய்தது என்று விசாரித்து, அதை வாங்கிவிட்டு, பிறகு தங்கள் வரைபடத்தை அதற்குள் எப்படிக் கொண்டுபோவது என்று தவிக்கிறார்கள். அந்த அழகான படம் வரைந்தவரின் கண்ணிலிருந்து வந்தது. அது பெட்டியோடு வராது.

ஸ்கெட்ச்அப்பில் வரைகிறவருக்கு ஏறக்குறைய எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. ரெண்டரிங் மென்பொருள்களில் வி-ரே, என்ஸ்கேப் இரண்டும் அதற்குள்ளேயே அமர்ந்து வேலை செய்யும். லுமியோன், ட்வின்மோஷன், டி5 ரெண்டர் மூன்றும் வெளியே தனியாக நின்று இணைப்பு வழியே நீங்கள் வரைந்த 3டி மாதிரியை வாங்கிக்கொள்ளும். ரெவிட்டுக்கும் இவை எல்லாம் உண்டு. ஆர்க்கிகேட்காரர்களுக்கு என்ஸ்கேப், ட்வின்மோஷன், லுமியோன் கைகொடுக்கும். 3டிஎஸ் மேக்ஸில் வேலை செய்பவர்களுக்கு வி-ரேயும் கொரோனா என்ற ரெண்டரிங் மென்பொருளும்தான் வீட்டுச் சாப்பாடு.

பெயர்கள் பல என்றாலும் நிறுவனங்கள் சில. வி-ரேயை உருவாக்கிய கேயாஸ் நிறுவனம் 1997இல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் தொடங்கியது. 2017இல் கொரோனாவை வாங்கியது, 2022இல் என்ஸ்கேப் நிறுவனத்தோடு இணைந்தது. ட்வின்மோஷன் 2019இல் எபிக் கேம்ஸ் கைக்கு வந்தது. ஸ்கெட்ச்அப்பும் 2006இல் கூகுளுக்குப் போய் 2012இல் டிரிம்பிளுக்குக் கைமாறியதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைமாறும்போது உரிம முறையும் விலையும் மாறலாம். பத்து ஆண்டு வேலையை ஒரே மென்பொருளின் கோப்பு வடிவத்தில் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். மூல மாதிரி எப்போதும் வரையும் மென்பொருளில் சுத்தமாக இருக்கட்டும்.

நான் ஆட்டோகேடில் பிளானும் எலிவேஷனும் மட்டும் போடுகிறேன். நான் என்ன வாங்குவது?

இப்போது எதுவும் வாங்க வேண்டாம். முதலில் ஸ்கெட்ச்அப்போ ரெவிட்டோ ஒன்றில் 3டியாக வரையப் பழகுங்கள். மாதிரி சரியில்லாமல் ரெண்டர் செய்வது, பூச்சு சரியில்லாத சுவருக்கு விலை உயர்ந்த பெயிண்ட் அடிப்பது போன்றது.

உள்ளேயே இயங்குவது நல்லதா, வெளியே தனியாக இயங்குவது நல்லதா?

வீட்டுக்காரர் எத்தனை முறை மனம் மாறுவார் என்பதைப் பொறுத்தது. சமையலறை ஜன்னலை ஓர் அடி இடப்பக்கம் தள்ளச் சொல்கிறார் என்று வையுங்கள். என்ஸ்கேப் போன்று உள்ளே இயங்குவதில், ஜன்னலை நகர்த்திய மறுகணம் பக்கத்துத் திரையில் படமும் நகர்ந்துவிடும். வெளியே நிற்கும் மென்பொருளில் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலும் சுமுகமாக முடியும். ஆனால் நீங்கள் அங்கே கையால் வைத்த மரம், நாற்காலி, பூசிய பொருள்கள் அதனதன் இடத்தில் நிற்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்தாக வேண்டும்.

மறுபக்கம், தோட்டம், சாலை, வண்டி, மனிதர், மழை என்று வீட்டைச் சுற்றி ஓர் உலகத்தை வேகமாக எழுப்ப வேண்டுமென்றால் லுமியோனும் ட்வின்மோஷனும் மிகவும் வசதி. மரம், வண்டி போன்ற ஆயத்தப் பொருள்களின் களஞ்சியம் அவற்றில் பெரியது, இழுத்து வைத்தால் போதும்.

இதில் ஸ்கெட்ச்அப்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் இரண்டு பள்ளங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, முகம் திரும்பிய சுவர். ஸ்கெட்ச்அப்பில் ஒவ்வொரு பரப்புக்கும் முன்முகம், பின்முகம் உண்டு. பின்முகம் நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும். வரையும்போது அதைக் கவனிக்காமல் விட்டால் ட்வின்மோஷன் போன்ற மென்பொருளுக்குள் போனதும் அந்தச் சுவரே காணாமல் போய், உள்ளே இருக்கும் கட்டில் வெளியே தெரியும். ஒற்றை நிறத்தில் எல்லாவற்றையும் பார்க்கும் வசதி ஸ்கெட்ச்அப்பில் இருக்கிறது. அதைப் போட்டு, நீலமாகத் தெரியும் பரப்புகளை எல்லாம் திருப்பிவிட்டுப் பிறகு அனுப்புங்கள். இரண்டாவது, பொருள் பூச்சு, அதாவது ஒவ்வொரு பரப்பும் எந்த நிறம், எந்தக் கல், எந்த மரம் என்று குறிப்பது. லுமியோன் பரப்புகளை அவற்றில் பூசிய பொருளை வைத்துத்தான் பிரித்தறிகிறது. வெளிச்சுவருக்கும் மதில் சுவருக்கும் ஒரே வெள்ளையைப் பூசி அனுப்பினால் அங்கே இரண்டும் ஒன்றுதான். மதிலுக்கு வெட்டுக்கல் (துளை நிறைந்த செந்நிறக் கல்) போட்டால் வீடும் வெட்டுக்கல்லாகிவிடும். இரண்டுக்கும் இரண்டு நிறம் கொடுத்து அனுப்புங்கள், எந்த நிறம் என்பது பொருட்டல்ல.

சில மென்பொருள் உடனே படம் தருகிறது, சிலது மணிக்கணக்கில் எடுக்கிறது. நேரம் எடுப்பதுதான் தரமா?

நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. 1986இல் ஜேம்ஸ் கஜியா என்பவர் ரெண்டரிங்குக்கான சமன்பாட்டை எழுதி, ஒளிக்கதிர் ஒன்றின் பாதையை அது பட்டுத் தெறிக்கும் இடமெல்லாம் பின்தொடரும் கதிர்த்தட முறையையும் கொடுத்தார். வி-ரே, கொரோனா, பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளுக்குள் இருக்கும் சைக்கிள்ஸ் எல்லாம் அந்த வழியில் வருபவை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏராளமான கதிர்களை விட்டுப் பார்த்துச் சராசரி எடுக்கிறார்கள். கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் நிற்கும். அந்த மணலைப் பாதியாக்க நான்கு மடங்கு கதிர் வேண்டும், கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. கடைசி நேரத்துச் சுத்தம் அதனால்தான் இரவு முழுவதும் எடுக்கிறது. இப்போது மணலைத் துடைக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் வந்துவிட்டதால் பாரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அளவுக்கு மீறித் துடைத்தால் மரத்தின் ரேகையும் சேர்ந்து அழியும்.

உடனுக்குடன் காட்டும் மென்பொருள் சில குறுக்குவழிகளில் போகிறது. பகல் வெளிச்சத்தில் வெளித்தோற்றத்துக்கு அந்தக் குறுக்குவழி போதும், வித்தியாசம் கண்டுபிடிப்பதே கடினம். வித்தியாசம் தெரியும் இடம், மங்கலான உள்ளறையும் பளபளப்பான தரையும் சேரும் இடம்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு பாடசாலையே இருக்கிறது. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பது. உள்ளே போனால் முதலில் கண் இருட்டும். தாழ்ந்த ஓட்டுக் கூரை, மரச் சட்டங்களின் இடைவெளி வழியே கீற்றுக் கீற்றாக வரும் வெளிச்சம், கீழே கண்ணாடி போல் மின்னும் கறுப்புத் தரை. அந்தத் தரையைக் குனிந்து பாருங்கள். ஜன்னல் அதில் தெரிகிறது, ஆனால் ஓரம் கலங்கித் தெரிகிறது. அருகில் கூர்மை, தள்ளிப் போகப் போக மங்கல். இந்த மங்கலைச் சரியாகக் காட்டுவதுதான் ரெண்டரிங் மென்பொருளுக்கான தேர்வு. நல்ல கதிர்த்தடம் இதைத் தானாகக் கொண்டுவரும். குறுக்குவழி மென்பொருள், திரையில் அப்போது தெரியாத பொருளின் பிரதிபலிப்பை விட்டுவிடும். கதிர்த்தடத்தை வேகமாகக் கணக்கிடும் ஆர்டிஎக்ஸ் வகை கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்த பிறகு என்ஸ்கேப், டி5, ட்வின்மோஷன், லுமியோன் எல்லாவற்றிலும் கதிர்த்தடம் நுழைந்துவிட்டது. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

என் தீர்ப்பு: வெளித்தோற்றமும் அடிக்கடி மாற்றமும் உங்கள் வேலை என்றால் உடனுக்குடன் காட்டும் மென்பொருள். உள் அலங்காரமே பிழைப்பு என்றால் வி-ரே அல்லது கொரோனா.

என்ன கணினி வேண்டும்?

கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தைத்தான் முதலில் கேளுங்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 4096க்கு 4096 புள்ளி கொண்ட ஒரு பொருள் படம், அதாவது ஒரு ஓடு அல்லது ஒரு டைல்ஸின் படம், சுருக்காமல் ஏற்றினால் 64 எம்பி பிடிக்கும். ஒரு பொருளுக்கு நிறம், சொரசொரப்பு, மேடுபள்ளம் என்று மூன்று படம் வரும். ஆக 192 எம்பி. இப்படி இருபது பொருள் வைத்தால் ஏறக்குறைய 4 ஜிபி போய்விட்டது, மரம் செடி இன்னும் வரவில்லை. மென்பொருள்கள் சுருக்கித்தான் ஏற்றும் என்றாலும் 6 ஜிபி கார்டு ஏன் திணறுகிறது என்பது இதில் விளங்கும். இன்று புதிதாக வாங்குகிறவருக்கு 12 ஜிபி நினைவகமும் 32 ஜிபி ரேமும் சொல்வேன். அது முடியவில்லை என்றால் தூரத்து மதிலுக்கும் கூரைக்கும் 1024 புள்ளிப் படம் போதும்; ஒரு படத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு இடம்தான் எடுக்கும்.

டி5 ரெண்டருக்குக் கதிர்த்தடம் தெரிந்த கார்டு கட்டாயம் தேவை. கொரோனா படத்தைக் கணக்கிடக் கிராஃபிக்ஸ் கார்டை நம்புவதில்லை, செயலியில் ஓடுகிறது; பழைய கார்டும் நல்ல செயலியும் வைத்திருப்பவர் அதை நினைத்துப் பார்க்கலாம்.

இடி மின்னல் காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ரெண்டர் ஓடும் கணினிக்கு யுபிஎஸ் இல்லாமல் இரவு வேலை போடாதீர்கள். பாதிக் கணக்கில் நின்ற படத்தை எல்லா மென்பொருளும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை.

ஆப்பிள் கணினியில் முடியுமா?

முடியும், தேர்வு குறையும். ட்வின்மோஷன், பிளெண்டர் இரண்டும் நன்றாக ஓடும். ஸ்கெட்ச்அப்போடு என்ஸ்கேப்பும் வி-ரேயும் ஓடும். ரெவிட்டும் முழு லுமியோனும் விண்டோஸுக்கானவை.

காசு கொடுக்காமல் நேர்மையாக வேலை செய்ய வழி உண்டா?

உண்டு, நல்ல வழிகள் உண்டு. பிளெண்டர் முழுக்க இலவசம், வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்கும் வேலைக்கும் இலவசம். 2002இல் அதை நேசித்தவர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூல நிரலை மீட்டுப் பொதுவுக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அது எல்லோருக்கும் சொந்தம். நேரம் எடுத்துப் படிக்க வேண்டியது, ஆனால் படித்தது வீண்போகாது. ஸ்கெட்ச்அப் கோப்பை அது நேரடியாகத் திறக்காது. ஜிஎல்டிஎஃப் போன்ற இடைக் கோப்பாக மாற்றிக் கொண்டுபோக வேண்டும். போனதும் ஒரு கதவின் உயரத்தை அளந்து பாருங்கள். ஏழடிக் கதவு எழுபதடியாக நின்றால் அலகு மாறிவிட்டது என்று பொருள். வெளிச்சம் தப்பும் தவறுமாக வருவதற்குப் பாதிக் காரணம் இந்த அளவுப் பிழை.

ட்வின்மோஷன், ஆண்டு மொத்த வருமானம் பத்து லட்சம் அமெரிக்க டாலருக்குள் இருக்கும் தனிநபருக்கும் நிறுவனத்துக்கும் 2024 முதல் இலவசம். நம் ஊர் அலுவலகம் எதுவும் அந்த வரம்பை எட்டிப் பார்க்காது. டி5 ரெண்டரிலும் இலவசப் பதிப்பு உண்டு, சில வசதிகளும் பொருள்களும் பூட்டியிருக்கும். பொருள் படங்களுக்கும் வானப் படங்களுக்கும் பாலி ஹேவன் தளம் இருக்கிறது. அங்குள்ளவை உரிமக் கட்டுப்பாடு ஏதுமின்றிப் பொதுவுக்கு விடப்பட்டவை.

மாணவர் பதிப்பை வைத்துக் கூலி வேலை செய்யாதீர்கள், உரிமம் அதை அனுமதிப்பதில்லை. பூட்டுடைத்த திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். இத்தனை இலவச வழி இருக்கும்போது அதற்குச் சாக்கே இல்லை. அதனோடு ஒட்டிக்கொண்டு என்ன வந்து இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கணினியில் இருப்பது மற்றவர்களின் வீட்டு வரைபடங்கள்.

படத்தில் வெயில் ஏன் நம் ஊர் வெயில் போல் இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டவரை நான் கட்டிக்கொள்வேன். காரணம் எளிது: சூரியன் நம் ஊரில் இல்லை. ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் நிழலைப் போட்டால் அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரத்துச் சூரியன். அந்த ஊர் பூமத்திய ரேகைக்கு 40 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும், நிழல் எப்போதும் வடக்கே விழும்.

மார்த்தாண்டம் ஏறக்குறைய 8.3 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் முடியும்வரை நமக்கு நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே நிற்கிறது. கொடிக்கம்பத்தின் நிழல் தெற்கே விழுகிறது. டிசம்பரில் தெற்கே சாய்ந்தாலும் நண்பகலில் 58 பாகை உயரத்தில் இருக்கும். போல்டரிலோ அப்போது 27 பாகைகூட இல்லை. அந்த ஊர்ச் சூரியனை வைத்து நம் வீட்டுக்கு நிழல் போட்டால் எல்லாமே நீண்டு, சாய்ந்து, பொன்னிறமாக, அழகாக இருக்கும். பொய்யாகவும் இருக்கும்.

இதை நான் ஒரு வீட்டில் கற்றேன். வடக்குப் பார்த்த வீடு. மகன் மஸ்கட்டில், அம்மா இங்கே. அம்மாவுக்கு மாலையில் சிட்-அவுட்டில், அதாவது முன்திண்ணையில், உட்கார வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. நான் அனுப்பிய படத்தில் மாலை ஐந்து மணி சிட்-அவுட் குளிர்ந்த நிழலில் இருந்தது, திண்ணையில் ஒரு நாற்காலியும் வைத்திருந்தேன். இடத்தைக் குறிக்க மறந்திருந்தேன். வீடு கட்டிக் குடிபோன பிறகு வந்த மே மாதம் அம்மா அழைத்தார். "மக்களே, நீ படத்தில் நாற்காலி போட்ட இடத்தில் வெயில் கிடக்கிறது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்கும் வெயில், இரண்டடி சன்ஷேடுக்குக் கீழே சாய்வாக நுழைந்து தரையில் பாய் விரித்தாற்போல் கிடந்தது. அம்மா கோபப்படவில்லை. நாற்காலியைக் கிழக்கு மூலைக்கு நகர்த்தி, மேற்கோரம் மூங்கில் தட்டி கட்டினோம், செலவு என்னுடையது. வரையும்போதே தெரிந்திருந்தால் அந்த ஓரத்தில் ஒரு சுவரை நாலடி நீட்டியிருப்பேன்.

ஆகவே எந்த மென்பொருளானாலும் முதல் வேலை இடம் குறிப்பது, இரண்டாவது வடக்குத் திசையைச் சரிபார்ப்பது. பிளானைத் திரைக்கு நேராக வைக்கச் சுழற்றியிருப்பீர்கள்; வடக்கும் அதோடு சுழன்றிருக்கும். மூன்று படம் கட்டாயம் எடுங்கள்: மே மாத மாலை ஐந்து மணி, டிசம்பர் நண்பகல், ஜூன் மாத மழைவானம். மேகம் மூடிய வானத்தில் கூர்மையான நிழலே இருக்காது. பகலில் விளக்குப் போட வேண்டிய அறை எது என்பதை அந்தப் படம்தான் காட்டிக்கொடுக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. மேகமூட்டம் நமக்கு விதிவிலக்கே அல்ல.

படத்தில் பெரிதாகத் தெரிந்த அறை கட்டிய பிறகு சிறிதாக இருக்கிறதே?

லென்ஸ். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை முழுவதையும் ஒரே படத்தில் அடக்க 18 மில்லிமீட்டர் லென்ஸ் வைக்கிறார்கள். அது 90 பாகை அகலத்தை விழுங்கும். படுக்கையறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். 24க்குக் கீழே போகாதீர்கள். அறை அடங்கவில்லை என்றால் கேமராவை வாசலுக்கு வெளியே தள்ளி வைத்து, நடுவில் வரும் சுவரை வெட்டிக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு மாயம், தானாக வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு. உடனுக்குடன் காட்டும் மென்பொருள்களில் அது முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். இருட்டறைக்குள் போனால் படத்தை வெளிச்சமாக்கிவிடும். ஜன்னலே இல்லாத பூஜை அறைகூட பளிச்சென்று தெரியும். அதை நிறுத்தி ஓர் அளவை நிலையாக வைத்துவிட்டு எல்லா அறையையும் எடுங்கள். இருட்டறை இருட்டாகத் தெரியட்டும். வீட்டுக்காரர் கேட்பார், ஒரு ஜன்னல் கூடுதலாக வரும்.

நம் தென்னை, ஓடு, வெட்டுக்கல் எல்லாம் களஞ்சியத்தில் இல்லையே?

பெரும்பாலும் இல்லைதான். பனை இனம் என்று தேடினால் கடற்கரை விடுதியின் அலங்கார மரம் வரும். நம் தென்னை வளைந்து நிற்கும், அடியில் பருத்திருக்கும், காய்ந்த ஓலை ஒன்றிரண்டு தொங்கும். ரப்பரும் பலாவும் தேடினாலும் அகப்படுவதில்லை. இந்த இடத்தில் பிளெண்டர் தெரிந்தவர் ஜெயிப்பார். ஒரு தென்னை, ஒரு வாழைக்குலை, ஒரு பலா செய்து வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும்.

பொருள் படத்துக்கு நீங்களே கேமராவை எடுங்கள். மேகமூட்டமான காலையில், பாறசாலைப் பக்கம் கட்டிமுடித்த வெட்டுக்கல் சுவர் ஒன்றின் நேர் எதிரே நின்று, ஓரங்கள் வளையாமல் எடுங்கள். வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு கல்லின் துளைக்குள்ளும் நிழல் பதிந்துவிடும். பிறகு உங்கள் படத்தில் சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அந்த நிழல் நகராது. ஓட்டுக் கூரைக்குப் படம் ஒட்டினால் மட்டும் போதாது, கூரையின் விளிம்பு வாள்வெட்டாகத் தெரியும். ஓரத்து வரிசை ஓடுகளையாவது வடிவமாகச் செய்து வையுங்கள். ஓடு புதிதில் செங்காவி, இரண்டு மழைக்காலம் போனால் பாசி பிடித்துக் கறுக்கும். நான் வீட்டுக்காரருக்கு இரண்டு நிறத்தையும் காட்டிவிடுகிறேன்.

வீட்டுக்குள் நடந்துபோகும் வீடியோ கேட்கிறார்கள். எதில் செய்வது?

கணக்கைப் பார்த்தால் பதில் தானே வரும். நொடிக்கு 30 படம். ஒரு நிமிடத்துக்கு 1800. படம் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் எடுக்கும் மென்பொருளில் அது 60 மணி நேரம். படத்துக்கு ஐந்து நொடி எடுக்கும் மென்பொருளில் இரண்டரை மணி நேரம். வீடியோவுக்கு லுமியோன், ட்வின்மோஷன், என்ஸ்கேப், டி5 இவற்றில் ஒன்று.

படத்தை எப்படி அனுப்புவது? அங்கே நிறம் மாறித் தெரிகிறது என்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், ஆவணமாக அனுப்புங்கள். நிறத்தைப் படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று எழுதியே அனுப்புகிறேன். ஒவ்வொரு கைபேசித் திரையும் ஒவ்வொரு நிறம் காட்டும். பெயிண்ட் நிறுவனத்தின் நிற எண்ணைச் சொல்லி, இங்குள்ள குடும்பத்தார் சுவரில் ஒரு சதுர அடி அடித்துப் பார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும். ஏ3 தாளில் அச்சிட வேண்டுமானால் 300 புள்ளி அடர்த்திக்கு 4961க்கு 3508 அளவில் ரெண்டர் செய்ய வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கப் பாதி அளவும் போதும்.

செயற்கை நுண்ணறிவே படத்தை மெருகேற்றித் தருகிறதே, இனி இதெல்லாம் தேவையா?

தொடக்கத்தில், எந்தத் தோரணையில் வீடு வேண்டும் என்று பேசும்போது அது உதவுகிறது. இறுதிப் படத்துக்கு நான் தொடுவதில்லை. பிளானில் இல்லாத ஜன்னலை அது சேர்க்கிறது, தூணை ஒரு முழம் மெலிதாக்குகிறது, சரிவுக் கூரைக்கு மழைநீர் வழியே இல்லாத மூலையை உண்டாக்குகிறது. பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. மேஸ்திரி அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தெரியவரும்.

கடைசியாக இரண்டு மென்பொருள் மனத்தில் நிற்கிறது. எப்படி முடிவெடுப்பது?

கட்டண மென்பொருள்களில் பெரும்பாலானவை சோதனைக் காலம் தருகின்றன. அந்த நாட்களில் கனவு மாளிகை எதையும் எடுக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியை எடுங்கள். அது உண்மையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மென்பொருள் உங்களை ஏமாற்ற முடியாது. அதை அளந்து வரைந்து, இடத்தையும் திசையையும் குறித்து, இரண்டிலும் ரெண்டர் செய்யுங்கள். பிறகு அதே மணிக்குப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போய் நில்லுங்கள். நிழலின் ஓரம் எந்த டைல்ஸில் முடிகிறது, மூலை எவ்வளவு இருட்டு, தரையில் கதவு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நான் இதற்கு அலுவலகத்து முன்திண்ணையை வைத்திருக்கிறேன். சிவப்புச் சிமெண்டுத் தரை, ஒரு மரத்தூண், மேலே ஓடு, மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல். புதிய மென்பொருள் எது வந்தாலும் முதலில் அந்தத் திண்ணைதான், நேரம் மாலை ஐந்து மணி.